கடல் விட்டுச் சென்ற நாடு

ஊரிலிருந்து உறவினர் எவரேனும் கொல்கத்தாவிற்கு வந்தால், அவர்களை அழைத்துச் சென்று காட்டுவதற்கென்று நம்மவரிடம் ஒரு வரிசை உண்டு. காளிகட்டம், தட்சிணேசுவரம், பேலூர் மடம் என்று அது தொடங்கும். சவுரங்கிச் சாலையில் உள்ள இந்திய அருங்காட்சியகத்தில் முடியும். வங்க மக்கள் அதனை ‘ஜாதுகர்’ என்று அழைக்கின்றனர். மாயவீடு என்பது அச்சொல்லின் பொருள். அங்கே எகிப்து நாட்டு மம்மியைக் கண்டு வியந்து, பார்ஹுத் கல்வேலியைச் சுற்றி வந்து, கால் ஓய்ந்த பின்னர், பழைய எலும்புகளும் சிப்பிகளும் வைத்துள்ள கூடங்களை விரைந்து கடந்து வெளியேறுவதே வழக்கம். நாங்களும் பல ஆண்டுகள் அவ்வாறே செய்து வந்தோம்.

பள்ளி விடுமுறை நாள் ஒன்றில் இவ்வழக்கம் மாறிற்று. நான்கு குடும்பங்கள் சேர்ந்து சென்றிருந்தோம். குழந்தைகளுக்கு மம்மியும் வேண்டியிருக்கவில்லை, பார்ஹுத்தும் வேண்டியிருக்கவில்லை. இக்காலத்துப் பிள்ளைகள் நாயன்மார் பெயர்களை அறியாவிடினும் டைனோசார்களின் பெயர்களைத் தலைகீழாக ஒப்பிப்பர். அவர்கள் எங்களை நேரே தொல்லுயிர்க் கூடங்களுக்கு இழுத்துச் சென்றனர்.

சிவாலிக் மலைகளில் கிடைத்த பேருருவங்கள் அங்கே உள்ளன. நீண்டு வளர்ந்த தந்தங்களையுடைய பண்டைய யானையினம் ஒன்றிற்கு அறிஞர்கள் ‘ஸ்டெகோடான் கணேசா’ என்று பிள்ளையாரின் பெயரையே சூட்டியிருக்கின்றனர். அவற்றைக் கடந்து சுருள்சிப்பிகளின் பக்கம் வந்தபோது எங்களுடன் வந்திருந்த பெரியவர் ஒருவர் சட்டென்று நின்றார். அவர் அரியலூர்ப் பக்கத்தவர். வேலை தேடி வந்து, ஓய்வு பெற்று, இங்கேயே தங்கிவிட்டவர். கண்ணாடிக்குள் இருந்த கல் ஒன்றில் ஆட்டுக்கொம்பு போல் சுருண்ட வரிவடிவம் ஒன்று பதிந்திருந்தது. அவருடைய கைகள் தாமாகவே குவிந்தன.

“தாத்தா, இது நம்ம பூஜை அறையில இருக்கிற கல்லு மாதிரியே இருக்கே!” என்றான் பேரன்.

“அதேதான்டா கண்ணா. சாளக்கிராமம்.”

சிறுவன் அட்டையில் எழுதியிருந்த கோடிக்கணக்கான ஆண்டுகளை எழுத்துக்கூட்டிப் படித்தான். பின்பு நிமிர்ந்து, “அப்போ தமிழ் இருந்துதா தாத்தா?” என்று கேட்டான்.

“தமிழ் இல்லாத காலம்னு ஒண்ணு உண்டாடா?” என்று பெரியவர் உடனே விடையளித்தார். நம்முள் யார் நின்றிருந்தாலும் அவ்விடையைத்தான் அளித்திருப்போம். ஆனால், அவரே ஒரு கணம் அந்த எண்ணை மீண்டும் பார்த்தார். மேலும் ஒன்றும் கூறவில்லை. சிறுவன் அவர் முகத்தையே நோக்கிக்கொண்டிருந்தான். அன்று அவனுக்கு நாங்கள் சொல்லாமல் விட்ட விடையே இக்கட்டுரை.

சாளக்கிராமத்தின் வரலாறு

சாளக்கிராமம் என்று நாம் வழிபடும் கல், நேபாளத்துக் காளி கண்டகி ஆற்றில் கிடைப்பது. முக்திநாத்தை ‘திருச்சாளக்கிராமம்’ என்று ஆழ்வார்கள் பாடியிருப்பதால் தமிழ் வைணவர்க்கு அது நூற்றெட்டுத் திருப்பதிகளுள் ஒன்று. அக்கல்லினுள் காணப்படும் சக்கரம், அம்மோனைட் எனப்படும் கடல்வாழ் உயிரினத்தின் ஓடு. கணவாய்க்கும் பேய்க்கணவாய்க்கும் தொலைவான உறவினம் அது. சுருண்ட ஓட்டினுள் அறை அறையாக வீடு கட்டிக்கொண்டு, கடைசி அறையில் தான் குடியிருந்து நீந்தித் திரிந்தது. சாளக்கிராமத்தில் உள்ளவை சுமார் 15 கோடி ஆண்டுகளுக்கு முற்பட்டவை. கடலடிச் சேற்றில் புதைந்த அவை இன்று இமயத்தின் உயரத்தில் கிடைக்கின்றன என்றால், இமயம் ஒரு காலத்தில் கடலடியாக இருந்தது என்பதற்கு வேறு சான்று வேண்டுவதில்லை.

வழிபடுபவருக்கு இதனால் எவ்விதக் குறையும் இல்லை. அக்கல்லைக் கண்டெடுத்த நம் முன்னோர், இது ஏனைய கற்களைப் போன்றதன்று என்று உணர்ந்து, அதனைப் பட்டுத்துணியில் பொதிந்து தலைமுறை தலைமுறையாகக் காத்தனர். காத்தல் என்னும் அச்செயலை வாசகர் நினைவில் இருத்த வேண்டுகிறோம். இக்கட்டுரையின் முடிவில் அதற்குத் திரும்புவோம்.

கங்கைக்கரைக்கு வந்த கற்கள்

அருங்காட்சியகத்தின் வரலாறு 1814-ஆம் ஆண்டில் தொடங்குகிறது. டென்மார்க்கைச் சேர்ந்த தாவரவியல் அறிஞர் நத்தானியேல் வாலிச் வேண்டிக்கொண்டதற்கிணங்க ஆசியக் கழகம் அதனை நிறுவிற்று. சவுரங்கியில் இன்று காணும் வெண்ணிறக் கட்டடம் 1878-இல் பொதுமக்களுக்குத் திறந்துவிடப்பட்டது. அதன் அருகிலேயே இந்திய நிலவியல் ஆய்வுத்துறையின் தலைமையகம் அமைந்திருக்கிறது. 1851-இல் தாமஸ் ஓல்டாம் இங்கு வந்து பொறுப்பேற்றது முதல் அத்துறையின் தொடர்ந்த வரலாறு தொடங்குகிறது. நிலக்கரி தேடுவதே அரசின் முதல் நோக்கம்; ஆயினும் நிலத்தின் வரலாற்றை அறியாமல் கரியைத் தேட இயலாது என்பதால் நாடெங்கும் பாறைகளையும் புதைபடிவங்களையும் ஆராயத் தலைப்பட்டனர்.

தென்னாட்டில் இவ்வேலை அதற்கும் முன்பே தொடங்கிவிட்டது. சென்னை ஆட்சிப் பணியிலிருந்த கே, கன்லிஃப் என்னும் இருவர் 1840-களின் தொடக்கத்தில் புதுச்சேரி, விருத்தாசலம், திருச்சிராப்பள்ளிப் பகுதிகளில் கடற்சிப்பிகள் நிறைந்த பாறைகளைக் கண்டு, தாம் திரட்டியவற்றை இலண்டனுக்கு அனுப்பினர். எட்வர்ட் ஃபோர்ப்ஸ் என்னும் அறிஞர் அவற்றை ஆராய்ந்து 1846-இல் நூலாக்கினார். கடற்கரையிலிருந்து பல கல் தொலைவில், வரகும் சோளமும் விளையும் கரிசல் காட்டில் கடலின் எச்சங்கள் கிடைக்கின்றன என்னும் செய்தியை அறிவுலகம் அறிந்து வியந்தது.

பின்னர் நிலவியல் துறையைச் சேர்ந்த ஹென்றி பிளான்ஃபோர்டு 1857 முதல் 1860 வரை அப்பகுதியை நேரில் ஆராய்ந்து, 1862-இல் தம் அறிக்கையை வெளியிட்டார். ஊட்டத்தூர் வரிசை, திருச்சிராப்பள்ளி வரிசை, அரியலூர் வரிசை என்று பாறை அடுக்குகளை அவர் மூன்றாகப் பகுத்தார். திரட்டிய படிவங்களைக் கல்கத்தாவிலிருந்து விரிவாக ஆராய்ந்து எழுதும் பணி ஃபெர்டினாண்ட் ஸ்டாலிச்கா என்பவரிடம் வந்து சேர்ந்தது. மொராவியாவில், இன்றைய செக் நாட்டில், 1838-இல் பிறந்தவர் அவர். 1862-இல் இத்துறையில் சேர்ந்தார். தென்னிந்தியக் கடற்படிவங்களைப் பற்றிய அவருடைய பேரேடுகள் 1863 தொடங்கி 1873 வரை பகுதி பகுதியாக வெளிவந்தன. அடுத்த ஆண்டே, யார்க்கண்டு தூதுக்குழுவுடன் சென்று திரும்பும் வழியில், லடாக்கின் மலைக்கணவாய்ப் பகுதியில் அவர் உயிர் நீத்தார். அப்போது அவருக்கு வயது 36. அவருடைய கல்லறை லே நகரில் உள்ளது.

அவர் ஆராய்ந்து பெயர் சூட்டிய மூலப்படிகள் இன்றும் நிலவியல் துறையின் பாதுகாப்பில் கொல்கத்தாவில் இருக்கின்றன. உலகின் எந்த மூலையில் ஓர் அறிஞர் அவ்வினங்களைப் பற்றி ஐயமுற்றாலும் இங்கு வந்து மூலப்படியோடு ஒப்பிட்டே தெளிய வேண்டும்.

ஈண்டு ஒரு செய்தி எண்ணத்தக்கது. சுமார் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் இராசேந்திர சோழனின் படை வங்கம் வரை வந்து, கங்கை நீரைக் குடங்களில் கொண்டு சென்றது. அந்நீர் சென்று சேர்ந்த கங்கைகொண்ட சோழபுரம் இன்றைய அரியலூர் மாவட்டத்தில்தான் உள்ளது. கங்கை அரியலூர் மண்ணுக்குச் சென்றது அன்று. அரியலூர் மண்ணின் கற்கள் கங்கையின் கிளையான ஊக்ளியின் கரைக்கு வந்து குடியேறியது பின்னாளில். பிழைப்பை நாடி இந்நகருக்கு வந்த நம்மவர் பலருக்கும் முன்பாகவே அவை வந்துவிட்டன. தம் ஊர்ப் பெயரையும் அவை விடவில்லை. காரப்பாடி என்னும் சிற்றூரில் கிடைத்த அம்மோனைட்டுக்குக் ‘காரப்பாடென்சிஸ்’ என்று பெயர். அரியலூரில் கிடைத்தது ‘அரியலூரென்சிஸ்’. மற்றொன்றின் பெயர் ‘பிளாசென்டிசெராஸ் தமூலிகம்’. தமிழ் என்னும் சொல்லையே தாங்கி நிற்கும் அம்மோனைட் அது. உயிரியல் வழங்கும் இலத்தீன் மொழியில் நம் மொழியின் பெயர் கல்லில் ஏறியிருக்கிறது.

அரியலூர்க் கடல்

அக்கடல் எப்படி வந்தது? தென்னாட்டு நிலங்கள் பலவும் ஒரு காலத்தில் கோண்டுவானா என்னும் ஒரே பெருநிலமாக ஒட்டிக்கிடந்தன. அது பிளவுபட்டபோது இந்தியாவின் கிழக்கு விளிம்பு ஆங்காங்கே தாழ்ந்தது. காவிரிப் படுகை அவ்வாறு தாழ்ந்த இடங்களுள் ஒன்று. சுமார் 11 கோடி ஆண்டுகளுக்கு முன் கடல் அதனுள் புகுந்தது. சில காலம் ஏறியும் சில காலம் இறங்கியும் நான்கு கோடி ஆண்டுகளுக்கு மேல் அது அங்கே இருந்தது.

அக்கடலைக் காண இன்று கப்பல் வேண்டா, பேருந்தே போதும். கல்லக்குடி என்றதும் நம்மவர்க்கு 1953-ஆம் ஆண்டின் பெயர்மாற்றப் போராட்டம் நினைவுக்கு வரும். அவ்வூர்ப் பகுதியின் சுண்ணாம்புப் பாறை ஒரு காலத்தில் பவளமும் கடற்பாசியும் சேர்ந்து கட்டிய திட்டு. காரை என்னும் ஊருக்கருகே, மழைநீர் அரித்த செம்மண் மேடுகளில், துப்பாக்கிக் குண்டு போல் கூர்ந்த பெலம்னைட் துண்டுகள் கிடைக்கும். அவை கணவாய் இனத்தின் உள்ளெலும்பு. கருடமங்கலத்தில் சிப்பிகள் இறுகிப் பளிங்கு போல் மெருகேறும் கல்லாகியிருக்கின்றன. கலியுக வரதராசப் பெருமாள் எழுந்தருளியிருக்கும் கல்லங்குறிச்சியில், கனத்த மட்டிச் சிப்பிகளே அடுக்கடுக்காகப் படிந்து பாறையாகிவிட்டன. அச்சுண்ணாம்புக் கல்லே சிமென்ட் ஆலைகளுக்கு மூலப்பொருள். தமிழகத்தில் எழுந்த எத்தனையோ வீடுகளின் சுவர்களில் அந்தக் கடல் கரைந்து கலந்திருக்கிறது.

கடல் இறுதியாகப் பின்வாங்கத் தொடங்கியபோது கல்லமேடு என்னுமிடத்தில் ஆறுகள் மணலைக் கொணர்ந்து பரப்பின. அம்மணலில் டைனோசார்கள் நடந்தன. சுமார் 6 கோடியே 60 இலட்சம் ஆண்டுகளுக்கு முன் உலகெங்கும் பேரழிவு நேர்ந்தது. மெக்சிகோப் பகுதியில் ஒரு விண்கல் மோதிற்று. அதே காலத்தில் நம் தக்காணத்தில் எரிமலைக் குழம்பு பெருகிற்று. டைனோசார்களும் அம்மோனைட்டுகளும் மறைந்தன. டைனோசார் குலத்தில் பறவைகள் மட்டும் எஞ்சின. அரியலூர் வரிசைக்கு மேல் படிந்த நின்னியூர் வரிசையில் வேறு சிப்பிகள் உண்டு, அம்மோனைட் இல்லை. ஏட்டில் ஒரு பக்கம் முடிந்து மறுபக்கம் தொடங்கியது போன்று அங்கே நிலம் எழுதியிருக்கிறது.

சிறுவனுக்குரிய விடை

இனி அச்சிறுவனின் கேள்விக்கு வருவோம். அப்போது தமிழ் இருந்ததா? இல்லை. தமிழ் மட்டுமன்று, மனிதனே இல்லை.

கடல் அரியலூருக்குள் புகுந்தது முதல் இன்று வரையிலான 11 கோடி ஆண்டுகளை ஒரே நாளாகச் சுருக்கிக் கொள்வோம். நள்ளிரவில் கடல் வருகிறது. காலை ஒன்பதரை மணி அளவில் டைனோசார்கள் மறைகின்றன. பகல் முழுதும் கழிகிறது, மாலையும் கழிகிறது. சென்னைக்கு வடமேற்கே அத்திரம்பாக்கத்தில் கற்கருவி செய்த ஆதிமனிதர், சுமார் 15 இலட்சம் ஆண்டுகளுக்கு முற்பட்டவர், இரவு பதினொன்றே முக்கால் மணியை நெருங்கும்போதுதான் வருகின்றனர். நம்மைப் போன்ற மனிதர் தோன்றுவது நள்ளிரவுக்கு நான்கு நிமிடம் இருக்கும்போது. சங்கச் சான்றோர் பாடி இரண்டாயிரம் ஆண்டுகள் ஆயின என்று கொண்டால், அது ஒன்றரை வினாடி. தொல்காப்பியர் எழுத்தின் ஒலிக்கு மாத்திரை என்னும் அளவு கூறுமிடத்துக் கண் இமைத்தலையும் கைநொடித்தலையும் அளவாகக் காட்டினார். அக்கணக்கில் நம் இலக்கியத்தின் வயது இமை ஓரிரு முறை மூடித் திறக்கும் பொழுது.

இவ்வாறு கூறுவது நம் மொழியைத் தாழ்த்துவதாகுமா? ஆகாது என்பதே எங்கள் கருத்து. மலையோடும் கடலோடும் வயதில் போட்டியிட்டால் எந்த மொழியும் தோற்கும். இரண்டாயிரம் ஆண்டு தொடர்ந்து வாழ்ந்து, இன்றும் தெருவில் பேசப்படுவதே மொழிக்குப் பெருமை. அப்பெருமை நமக்கு இருக்கிறது. அதற்கு மேல் இல்லாத ஒன்றைச் சேர்த்துச் சொன்னால், பள்ளியில் பாடம் படிக்கும் பிள்ளை ஒரு நாள் அதனைக் கண்டுகொள்வான். கண்டுகொண்ட நாளில், நாம் சொன்ன உண்மைகளையும் சேர்த்து ஐயுறுவான். அயல்மாநிலத்தில் வளரும் பிள்ளைக்குத் தமிழைப் பற்றிச் சொல்ல நாம் சிலரே இருக்கிறோம். நம் சொல் நம்பத்தக்கதாக இருத்தல் வேண்டும்.

இதே நோக்கில் குமரிக்கண்டத்தையும் எண்ணிப் பார்க்கலாம். ‘லெமூரியா’ என்னும் பெயர் 1864-இல் ஸ்கிளேட்டர் என்னும் விலங்கியல் அறிஞர் இட்டது. மடகாஸ்கரில் வாழும் லெமூர் என்னும் விலங்கிற்கு உறவான இனங்கள் இந்தியாவிலும் காணப்பட்டதால், இடையே நிலம் இருந்து மூழ்கியிருக்க வேண்டும் என்று அவர் ஊகித்தார். அரியலூரை ஆராய்ந்த அதே பிளான்ஃபோர்டும் 1875-இல் இந்தியாவையும் ஆப்பிரிக்காவையும் இணைத்த ஒரு பழங்கண்டத்தைப் பற்றி எழுதினார். தம் காலத்துச் சான்றுகளைக் கொண்டு அவர்கள் செய்த நேர்மையான ஊகம் அது. அரியலூர்ச் சிப்பிகளுக்கு மடகாஸ்கரிலும் தென்னாப்பிரிக்காவிலும் நெருங்கிய உறவினங்கள் கிடைத்தது உண்மையே.

ஆனால், விடை வேறாக அமைந்தது. கண்டங்கள் நகர்கின்றன என்று வேகனர் 1912-இல் கூறினார். அரை நூற்றாண்டிற்குப் பின் கடலடி ஆய்வுகள் நிலத்தட்டுகள் நகர்வதை உறுதி செய்தன. இடையே இருந்த நிலம் மூழ்கவில்லை. ஒட்டியிருந்த நிலம் பிரிந்து நகர்ந்தது. சுமார் 9 கோடி ஆண்டுகளுக்கு முன், அரியலூர்ப் பகுதியில் கடல் நின்றிருந்த காலத்திலேயே, இந்தியா மடகாஸ்கரை விட்டுப் பிரிந்தது. வடக்கு நோக்கி நெடுந்தொலைவு பயணம் செய்து, சுமார் 5 கோடி ஆண்டுகளுக்கு முன் ஆசியாவோடு மோதத் தொடங்கிற்று. அம்மோதலில் எழுந்ததே இமயம். இன்றும் நம் நிலம் ஆண்டுக்குச் சுமார் 5 சென்டிமீட்டர் வடக்கு நோக்கி நகர்ந்துகொண்டிருக்கிறது. பிறந்த இடத்தை விட்டு வடக்கே வந்து குடியேறியவர்கள் நாம் மட்டும் அல்லர். நாடே அவ்வாறு வந்ததுதான்.

கடல்கோள் பற்றி நம் உரையாசிரியர்கள் கூறியது முற்றும் பொய்யோ எனின், அதற்கும் ஒரு நியாயம் உண்டு. சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன் கடல் இன்றைவிட ஏறத்தாழ 120 மீட்டர் தாழ்ந்திருந்தது. பனி உருகிப் பெருகியபோது உலகெங்கும் கரைநிலங்கள் மூழ்கின. கரையோர ஊர்களைக் கடல் கொண்டதற்கு நம் நாட்டில் எடுத்துக்காட்டுகள் பல. அந்த இழப்பின் நினைவைக் கவிஞர் பேணினர். அதற்கு ஒரு கண்டம் வேண்டியதில்லை. ஆனால், கடல் கொண்ட நாட்டை எண்ணி ஏங்கிய நாம், கடல் விட்டுச் சென்ற நாடு ஒன்று நம் காலடியில் கிடப்பதை எண்ணவில்லை. முன்னது ஏட்டுரையில் மட்டும் உள்ளது. பின்னதைக் கையால் தொடலாம்.

மூன்று டைனோசார்கள்

குழந்தைகள் கேட்ட டைனோசார் எங்கே என்று வாசகர் வினவக்கூடும். அதற்காக மற்றொரு நாள் வடக்கே பராநகருக்குச் சென்றோம். மகாலனோபிஸ் 1931-இல் நிறுவிய இந்தியப் புள்ளியியல் கழகத்தில் ஒரு நிலவியல் அருங்காட்சியகம் உள்ளது. புள்ளியியலுக்கும் எலும்புக்கும் என்ன தொடர்பு என்று வியப்பதற்கில்லை. அறிவியல்களை வேலி கட்டிப் பிரிக்க விரும்பாத மகாலனோபிஸ், இலண்டனிலிருந்து பமேலா ராபின்சன் என்னும் தொல்லுயிர் அறிஞரை அழைத்து, 1950-களின் இறுதியில் அங்கே ஒரு நிலவியல் பிரிவைத் தொடங்கச் செய்தார்.

அப்பிரிவினர் கோதாவரிப் பள்ளத்தாக்கில் போச்சம்பள்ளி என்னும் ஊர்ப்புறத்தில், பழைய மரக்கட்டைகளோடு கலந்து கிடந்த சுமார் 300 எலும்புகளைக் கண்டெடுத்தனர். குறைந்தது ஆறு விலங்குகளின் எலும்புகள் அவை. அகழ்வு நடந்த 1961-ஆம் ஆண்டு தாகூரின் நூற்றாண்டு. ஆகவே அவ்விலங்கிற்கு ‘பாராபசாரஸ் தாகோரி’ என்று பெயரிட்டனர். ‘பாரா பா’ என்றால் வங்க மொழியில் பெரிய கால். 1975-இல் ஜெயின், குட்டி, ராய் சௌத்ரி, சட்டர்ஜி ஆகிய நால்வர் அதனை உலகிற்கு அறிவித்தனர். 1977-இல் எலும்புகள் கோக்கப்பட்டு முழு உருவமாக நிறுத்தப்பட்டது. அதன் தொடையெலும்பு 1.7 மீட்டர், ஓர் ஆள் உயரம். தலையோடு கிடைக்கவில்லை. அதனடியில் நின்ற குழந்தைகள் முதன்முறையாக அன்று சத்தமின்றி இருந்தனர்.

இரண்டாவது டைனோசாரின் கதை காணாமற்போய்க் கிடைத்த கதை. 1828-இல் ஸ்லீமன் என்னும் படைத்தலைவர் ஜபல்பூரில் சில எலும்புகளைக் கண்டெடுத்தார். அவை பின்னர் கல்கத்தா வந்து சேர்ந்தன. 1877-இல் லிடெக்கர் அவற்றிற்கு ‘டைட்டனோசாரஸ் இண்டிகஸ்’ என்று பெயரிட்டார். இந்தியாவில் கிடைத்த முதல் டைனோசார் அதுவே. ஆனால், எலும்புகள் எங்கே வைக்கப்பட்டன என்பது காலப்போக்கில் மறந்துபோயிற்று. பல்லாண்டுகள் அவை தொலைந்தனவாகவே கருதப்பட்டன. 2012-இல் மொகாபே, சென் என்னும் ஆய்வாளர்கள் நிலவியல் துறையின் சேகரிப்பிலேயே அதன் முள்ளெலும்பைத் தேடிக் கண்டுபிடித்தனர். வீட்டுப் பரணில் கிடந்த பாட்டனாரின் பத்திரம் போல் அது கிடைத்தது.

மூன்றாவது, நம் அரியலூர் டைனோசார். கல்லமேட்டு மணலில் யாதகிரி, அய்யாசாமி என்னும் நிலவியல் துறை அறிஞர்கள் மாபெரும் எலும்புகளைக் கண்டனர். கணைக்கால் எலும்பு மட்டுமே சுமார் 2 மீட்டர். 1980-களின் பிற்பகுதியில் அவர்கள் அதற்குப் ‘ப்ருஹத்காயோசாரஸ்’ என்று பெயரிட்டனர். பேருடல் கொண்ட பல்லி என்று பொருள். உலகில் வாழ்ந்த தரைவிலங்குகளுள் மிகப் பெரியவற்றுள் ஒன்றாக அது இருந்திருக்கலாம். ஆனால், இன்று அதனை எவரும் அளந்து பார்க்க இயலாது. நொறுங்கும் தன்மையுடைய அவ்வெலும்புகள், பருவமழை ஈரத்தில் சிதைந்து, காப்பகத்தை அடையுமுன்பே அழிந்துபோயின. எஞ்சியவை சில வரைபடங்களும் ஒளிப்படங்களும் மட்டுமே. அவ்வொளிப்படங்களே 2022-இல் வெளியான ஒரு கட்டுரையில் அதன் இருப்பை மீண்டும் எடுத்துரைத்தன.

இம்மூன்றையும் சேர்த்துப் பார்க்கையில் ஓர் உண்மை புலனாகிறது. ஒன்று முறையாகக் காக்கப்பட்டது, நிமிர்ந்து நிற்கிறது. மற்றொன்று மறக்கப்பட்டது, ஆயினும் ஓர் அட்டையும் ஓர் எண்ணும் இருந்ததால் மீண்டு வந்தது. மூன்றாவது கைக்கு எட்டியும் காக்க முடியாமல் மழையில் கரைந்தது. ஆறு கோடி ஆண்டுகள் மண்ணுக்குள் இருந்த ஒன்று, வெளிவந்த சில காலத்திற்குள் இல்லாமற்போயிற்று. பழமை தானாக நிலைப்பதன்று. ஒருவர் எடுத்து, பெயரெழுதி, ஈரம்படாமல் வைத்தால் மட்டுமே அது நிற்கும்.

நாம் செய்யக்கூடியது

புலம்பெயர்ந்து வாழும் நமக்கு இதனை விளக்கத் தேவையில்லை. ஊரில் பேசும் தமிழ் காற்றோடு கலந்து தானே வளரும். இங்கே அவ்வாறன்று, ஒவ்வொரு வீட்டிலும் ஒருவர் முயன்று காத்தால்தான் அடுத்த தலைமுறைக்குச் சேரும். சங்கங்கள் எழுந்ததும் இதற்காகவே.

அருங்காட்சியகங்கள் கூறும் பாடமும் அதுவே. இன்னுமொரு தமிழரை இங்கே குறிப்பிடாமல் இருத்தல் இயலாது. தஞ்சை மாவட்டத்தில் 1898-இல் பிறந்த மகாராசபுரம் சீதாராம கிருஷ்ணன், கல்கத்தாவைத் தலைமையிடமாகக் கொண்ட நிலவியல் துறையில் பணியாற்றி, 1951-இல் அதன் முதல் இந்திய இயக்குநர் ஆனார். 1940-இல் சாத்தனூரில் ஒரு கல்மரத்தை அவரே முதன்முதல் அறிவித்தார். கடலோரச் சேற்றில் வீழ்ந்து கல்லாகிய, 18 மீட்டர் நீளமுள்ள அம்மரம் அவ்விடத்திலேயே வேலியிடப்பட்டுக் காக்கப்படுகிறது. அரியலூரை அடுத்த வாரணவாசியிலும் புதைபடிவங்களுக்கென ஓர் அரசு அருங்காட்சியகம் உள்ளது.

கோடை விடுமுறையில் குழந்தைகளோடு ஊருக்குச் செல்லும் அன்பர்கள், கங்கைகொண்ட சோழபுரத்தை வணங்கிய பின் இவ்விடங்களுக்கும் சென்று வருதல் வேண்டும். ஓடை ஓரத்தில் சுருள்சிப்பி தென்பட்டால் அதைப் பெயர்த்து நினைவுப்பொருளாக எடுத்து வர வேண்டா. கிடந்த இடம் அறியப்படாத படிவம், முகவரி கிழிந்த மடல் போன்றது. இருக்கும் இடத்தைக் குறித்துக்கொண்டு, அறிந்தோரிடம் சொல்லுதலே முறை.

இக்கட்டுரையை எழுதி முடித்த பின் அப்பெரியவரிடம் படித்துக் காட்டினோம். முழுதும் கேட்டுவிட்டுப் பேரனை அழைத்தார். “அன்னிக்கு நான் சொன்னது தப்புடா கண்ணா. அப்போ தமிழ் இல்லே. ஆனா அந்தச் சங்கு கிடந்த மண்ணு நம்ம மண்ணு. அதுக்குத் தமிழ்னே பேரும் வெச்சிருக்காங்க” என்றார்.

சிறுவன் சற்று எண்ணிப் பார்த்தான். “அப்போ பேர் வெச்சது நாமதான் கடைசியா, தாத்தா?” என்று கேட்டான்.

“பேரு யார் வெச்சா என்ன? அதை மறக்காம இருக்கறது நம்ம வேலை” என்றார் பெரியவர்.